கடன்காரர்களின் கிறிஸ்துமஸ்: ஓர் எதிர்வினை

கிறிஸ்துமஸ் குடும்பப் படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டி, சென்ற இதழில் வந்த கட்டுரையை முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை படித்தேன். கட்டுரையாளரும் அந்தப் படங்களை முதல் காட்சி தொடங்கிக் கடைசிக் காட்சி வரை பார்த்திருந்தால் இந்த எதிர்வினைக்கு வேலையே இருந்திருக்காது. அவர் பார்த்தது கடைசிப் பத்து நிமிடங்களை. பனி விழுகிறது, மணி ஒலிக்கிறது, எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள், அவருக்குத் திகட்டிவிட்டது. அதற்கு முன்னால் அந்த மனிதர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று விசாரிக்கும் பொறுமை அவருக்கு இல்லை.

நான் திரித்துவிட்டேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்பதால் அவருடைய குற்றச்சாட்டுகளை அவர் வைத்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களில் பிரச்சினை என்று ஒன்றும் கிடையாது. இருந்தாலும் ஒரு துண்டு கேக்கில் தீர்ந்துவிடும். இவை பெருங்கடைகளின் விளம்பரங்கள். மகிழ்ச்சியான குடும்பங்களை மட்டுமே காட்டித் தனியாக இருப்பவர்களைக் குத்திக்காட்டுகின்றன. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் இவற்றில் கலை இருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஆண்டுதோறும் இவற்றைப் பார்க்கிறவர்கள் சிந்திக்கச் சோம்பல்படுகிறவர்கள். இந்த நோய்க்கு மருந்தாக இயக்குநர் இங்மர் பெர்க்மனைப் பரிந்துரைத்துவிட்டுக் கட்டுரையை முடிக்கிறார். பெர்க்மனிடம் பிறகு வருகிறேன்.

பிரச்சினையே இல்லாத படங்களாம். இந்த வகைக்கே தாய்ப்படம், 1946இல் ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. தேவதை வந்து காப்பாற்றும் கதை என்று ஒற்றை வரியில் அதைக் கடந்துபோகிறார் கட்டுரையாளர். தேவதை வருவதற்கு முன்னால் படம் பெரும்பகுதி ஓடி முடிந்திருக்கிறது. பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் எளியவர்களுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறான் ஜார்ஜ் பெய்லி. ஊரைவிட்டுப் போய் உலகம் சுற்ற வேண்டும், பாலங்கள் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவன். அப்பா இறந்ததும் நிறுவனம் அவன் தலையில் விழுகிறது. படிப்புக்குச் சேர்த்த பணம் தம்பிக்குப் போகிறது. திருமண நாளன்றே வங்கிகள் ஆட்டம் கண்டு, போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டுக் கூட்டம் வந்து நிற்கிறது. தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள் புதுமணத் தம்பதி. ஒருவர் தன் கணக்கிலுள்ள 242 டாலரும் வேண்டும் என்று அசையாமல் நிற்கிறார், கொடுக்கிறான். அடுத்து வருகிறவர்கள் இருபது போதும் என்கிறார்கள். ஒரு பெண்மணி, பதினேழரை டாலர் கிடைக்குமா என்று தயங்கிக் கேட்கிறார். ஜார்ஜ் எட்டி அவரை முத்தமிடுகிறான். மாலை கதவைச் சாத்தும்போது மிச்சம் இரண்டே டாலர்.

பதினேழரை! எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போட முடியாது என்று வரிசையில் நிற்கும்போதே அந்தப் பெண்மணி மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்திருக்கிறார். அமெரிக்காவின் பெருமந்தத்தைப் பற்றித் தடித்த புத்தகங்கள் சொல்வதை அந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது. இதை எழுதியவர்களும் எடுத்தவரும் சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவர்கள் என்றால், கட்டுரையாளர் எதைக் கசப்பு என்பார் என்று எனக்குப் புரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சித்தப்பா பில்லி நிறுவனத்தின் 8,000 டாலரைத் தொலைக்கிறார். அது ஊர்ப் பெரும்பணக்காரன் பாட்டர் கையில் சிக்குகிறது; யாருடைய பணம் என்று தெரிந்தே அமுக்கிக்கொள்கிறான். அந்தப் பாட்டரிடமே போய்க் கடன் கேட்டுக் கெஞ்சுகிறான் ஜார்ஜ். ஈடு வைக்க அவனிடம் இருப்பது ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் மட்டும். நீ உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் மதிப்பு அதிகம் என்கிறான் பாட்டர். வீட்டுக்கு வந்தவன், பியானோவில் பண்டிகைப் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் மகள்மீது எரிந்து விழுகிறான். நமக்கு எதற்கு இத்தனை பிள்ளைகள் என்று மனைவியிடம் கேட்கிறான். தான் ஆசையாகச் செய்து வைத்திருந்த பாலத்தின் மாதிரியை உதைத்து நொறுக்குகிறான். பிள்ளைகள் அரண்டு நிற்கிறார்கள். ஜெர்மனிமீது குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட், போருக்குப் பின் நடித்த முதல் படம் இது. அந்த முகத்தில் தெரியும் வெறியை இன்று பார்த்தாலும் அடிவயிறு கலங்கும். பிறகு அவன் பாலத்துக்குப் போவது ஆற்றில் குதிப்பதற்கு.

இன்னொன்றும் உண்டு. பாட்டர் பிடிபடுவதே இல்லை. குற்றம் செய்தவன் படம் முடிவதற்குள் தண்டனை பெற வேண்டும் என்று ஹாலிவுட்டின் தணிக்கை நெறி வற்புறுத்திய காலம் அது. அப்படியிருந்தும் 8,000 டாலரை விழுங்கியவன் பணத்தோடும் பதவியோடும் அப்படியே இருக்கிறான். கடைசியில் ஊரார் சில்லறையும் நோட்டுமாகக் கொண்டுவந்து கொட்டுவது, அவன் திருடியதை ஈடுகட்டுவதற்கு. எல்லாப் பிரச்சினையும் கேக்கில் தீர்ந்துவிடுகிறது என்று எழுதியவர் இந்தப் படத்தைத்தான் பார்த்தாரா?

இந்த வகைப் படங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டிய ஒன்று இதுதான்: நல்ல கிறிஸ்துமஸ் படம் என்பது கடனைப் பற்றிய படம். பணக்கடன், அப்பா மகனுக்குச் சொல்லாமல் விட்ட வார்த்தையின் கடன், பத்து ஆண்டுகளாகப் போடாத தொலைபேசி அழைப்பின் கடன். ஆண்டு முடியப் போகிறது, வரவு செலவு பார்த்தாக வேண்டும், கையில் ஒன்றுமில்லை. மனத்தைத் தொடும் வெதுவெதுப்பு அந்தக் குளிர் இல்லாமல் வராது. இதை ஹாலிவுட் கண்டுபிடிக்கவும் இல்லை. 1843 டிசம்பர் 19இல் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையை வெளியிட்ட சார்லஸ் டிக்கன்ஸ் கடனின் பிள்ளை. 1824இல் அவருடைய அப்பா கடனைக் கட்ட முடியாமல் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் குப்பிகளுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். கதையின் நாயகனான ஸ்க்ரூஜ் என்ற கஞ்சன், தன் எதிர்காலச் சாவைக் காட்டும் ஆவியிடம், அந்தச் சாவைக் கேட்டு உணர்ச்சிவசப்படுகிறவர் யாராவது உண்டா என்று கேட்கும்போது, அது காட்டுவது ஓர் ஏழைத் தம்பதியை. அவர்களுக்கு வந்த உணர்ச்சி நிம்மதி. கடன் கொடுத்தவன் செத்துப்போனான், தவணைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது! இவ்வளவு குரூரமான நகைச்சுவையிலிருந்து முளைத்த மரபைத்தான் கட்டுரையாளர் குழந்தைத்தனம் என்கிறார்.

அடுத்து, பெருங்கடைகளின் சதி. இங்கே அவர் சரித்திரத்தைப் புரட்டியே பார்க்கவில்லை என்பது வெளிச்சமாகிறது. காப்ராவின் படத்துக்கு மூலமான சிறுகதையை ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதினார். எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. 1943இல் அவரே 200 பிரதிகள் அச்சடித்து நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். படமானபோதும் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. காப்ரா கூட்டாளிகளோடு தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் சீக்கிரமே கைமாறியது. போதாக்குறைக்கு, வங்கிக்காரனை வில்லனாகக் காட்டுவது கம்யூனிஸ்ட் தந்திரம் என்று 1947இல் எஃப்.பி.ஐ. கோப்பு ஒன்றில் குறித்து வைத்தார்கள். கட்டுரையாளர் முதலாளித்துவத்தின் விளம்பரம் என்று கண்டுபிடித்த படத்தில் எஃப்.பி.ஐ.க்குச் சிவப்புத் தெரிந்தது. இருவரில் யாராவது ஒருவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும்; எஃப்.பி.ஐ.தான் என்று நினைக்கிறேன்.

பிறகு எப்படி ஊர் உலகமெல்லாம் பரவியது? 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் மறந்துவிட்டார்கள். கட்டணம் இல்லாமல் கிடைத்த படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் முழுவதும் போட்டன. ஒரு சுவரொட்டி கிடையாது, ஒரு பொம்மை விற்பனை கிடையாது. சந்தை தூக்கியெறிந்த படத்தை ஜனங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அதன் மதிப்பு தெரிந்த பிறகுதான் 1993இல் ரிபப்ளிக் பிக்சர்ஸ், மூலக்கதையின் உரிமையும் இசையின் உரிமையும் எங்களுடையவை என்று வந்து நின்று படத்தை மறுபடி வேலிக்குள் கொண்டுபோனது. வணிகம் கடைசியாகத்தான் வந்தது.

'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தில் மேசிஸ் என்ற உண்மையான கடையின் பெயர் வருகிறது என்பதைப் பெரிய துப்புத் துலக்கியதுபோல எழுதியிருக்கிறார். வருகிறதுதான். அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த சாண்டா கிழவர், இங்கே இல்லாத பொம்மை போட்டிக் கடையான கிம்பல்ஸில் கிடைக்கும் என்று வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கிறார். பொம்மைப் பிரிவு மேலாளர் முதலில் பதறுகிறார்; அதனால் நல்ல பெயர் கிடைக்கிறது என்று தெரிந்ததும் முதலாளி அதையே கொள்கையாக்குகிறார். கிழவர் உண்மையான சாண்டாதானா என்ற வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. சாண்டா இல்லை என்று தீர்ப்புச் சொன்னால் பொம்மைக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கைவிட்டுவிடும், அடுத்த தேர்தலில் தோற்றுப்போவீர்கள் என்று நீதிபதிக்கு அரசியல் ஆலோசகர் எச்சரிக்கை செய்கிறார். சாண்டாவைக் கடைசியில் காப்பாற்றுவது யாருடைய நம்பிக்கையும் இல்லை. சாண்டா பெயருக்கு வந்து தேங்கிக் கிடக்கும் கடித மூட்டைகளை அவர் தலையில் தள்ளிவிட வழி தேடிய அஞ்சல் ஊழியர்களின் சாமர்த்தியம். பண்டிகையைச் சுற்றி ஓடும் காசையும் ஓட்டையும் இவ்வளவு சிரித்துக்கொண்டே போட்டுடைத்த படத்துக்கு, வணிகம் என்றால் என்ன என்று கட்டுரையாளர் பாடம் எடுக்கிறார். இந்தப் படம் வெளிவந்தது 1947 கோடையில். கோடையில்தான் கூட்டம் வரும் என்று ஸ்டுடியோத் தலைவர் டேரில் ஜானக் முடிவு செய்தார். விளம்பரத்தில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சையே மறைத்தார்கள். நாயகி விவாகரத்தானவள் என்பதால் கத்தோலிக்கத் தணிக்கை அமைப்பான லீஜன் ஆஃப் டீசன்சி படத்துக்கு ஆட்சேபக் குறி போட்டது. மகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போகும் அந்தத் தாய்தான், கட்டுரையாளர் சொல்லும் 'மகிழ்ச்சியான குடும்பம்'!

பனி போலி என்ற ஏளனத்துக்கும் ஒரு வார்த்தை. ஆமாம், போலிதான். காப்ரா 1946 கோடை வெயிலில் எடுத்தார். அதுவரை சாயம் பூசிய கார்ன்ஃபிளேக்ஸைத்தான் பனியாகக் கொட்டினார்கள். மிதித்தால் மொறுமொறுவென்று சத்தம் வந்து வசனத்தைக் கெடுக்கும். தீயணைப்பு நுரையும் சோப்பும் கலந்து சத்தமில்லாத பனியை உருவாக்கிய கலைஞர்களுக்கு அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. இதைத் தெரிந்துகொண்டும் அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தனியாக இருப்பவர்களை இந்தப் படங்கள் அவமதிக்கின்றன என்ற குற்றச்சாட்டுதான் எனக்கு உண்மையாகவே கோபத்தை மூட்டியது. மற்றவை அறியாமை. இது அநியாயம். எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940இல் எடுத்த 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' படத்தில் புடாபெஸ்ட் நகரக் கடை முதலாளி மடுசெக், மனைவி தன்னை ஏமாற்றுகிறாள் என்று அறிந்து தற்கொலைக்கு முயல்கிறார். கடையின் எடுபிடிப் பையன் தடுத்துக் காப்பாற்றுகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வியாபாரம் அமோகமாக முடிந்து, ஊழியர்களுக்குப் பணமும் கொடுத்து அனுப்பிவிட்டுக் கடை வாசலில் பனியில் நிற்கிறார். வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் இன்று இரவு என்ன திட்டம் என்று பட்டும் படாமலும் விசாரிக்கிறார். ஒருவருக்கு மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள், இன்னொருவருக்கு வேறு இடம். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று முதலாளி நிற்கிறார். கேட்க வாய் வரவில்லை. கடைசியாக வெளியே வருகிறவன், புதிதாகச் சேர்ந்த இன்னொரு எடுபிடிப் பையன். அவனுக்கும் ஊரில் யாருமில்லை. கோழிச் சூப்பில் தொடங்கி ஸ்ட்ரூடல் வரை ஒவ்வொரு பண்டமாகச் சொல்லிச் சொல்லி, அவனை ஓட்டலுக்கு அழைத்துப் போகிறார் மடுசெக். பையனின் கண்கள் விரிகின்றன. முதலாளியின் முகத்தில் வருவது நன்றி. யார் யாருக்கு விருந்து வைக்கிறார்கள் என்பதைப் பார்க்கிறவர்களே தீர்மானிக்கட்டும். ஒரு தையல்காரரின் மகன், யூதன் என்பதால் ஜெர்மனியக் குடியுரிமை பறிக்கப்பட்டவர், ஐரோப்பா பற்றியெரிந்துகொண்டிருந்தபோது எடுத்த காட்சி இது. இதில் தனியாளைக் குத்திக்காட்டும் விரல் எங்கே இருக்கிறது? உணவு மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற கைதான் தெரிகிறது.

சிரிப்புப் படம் என்று அவர் கைகழுவிய 'ஹோம் அலோன்' படத்தில்கூட, திருடர்களின் தலையில் பெயிண்ட் டப்பா விழுவதற்கு முன்னால் ஒரு தேவாலயக் காட்சி இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி, பாடற்குழுவில் இருக்கும் பேத்தியைத் தூரத்திலிருந்து பார்க்க வந்திருக்கிறார். மகனோடு பேச்சு நின்று பல வருஷமாகிறது. கூப்பிட்டால் பேச மாட்டானோ என்ற பயம். வீட்டில் தனியே விடப்பட்ட எட்டு வயதுப் பையனும் அந்தக் கிழவரும் அவரவர் பயத்தைச் சமமாக உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். மார்லி, டிக்கன்ஸின் கதையில் ஸ்க்ரூஜிடம் ஆவியாக வருபவரின் பெயரும்கூட. மகிழ்ச்சியான குடும்பமாம்! அந்தக் குடும்பம் பிள்ளையையே மறந்துவிட்டு விமானம் ஏறிய குடும்பம்.

குடும்பம் என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்று இந்தப் படங்கள் வரையறுக்கின்றன என்கிறார். சடோஷி கோன் 2003இல் எடுத்த 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' அனிமேஷன் படத்தை யாராவது அவருக்குக் காட்டுங்கள். கிறிஸ்துமஸ் இரவில் குப்பையில் கிடக்கும் பச்சைக் குழந்தையைக் கண்டெடுப்பவர்கள் வீடற்ற மூவர்: சூதாட்டக் கடனால் குடும்பத்தை விட்டோடிய குடிகாரர், ஒரு திருநங்கை, அப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு ஓடிவந்த சிறுமி. அங்கேயும் கடன்!

அவருடைய உதாரணங்களில் பாதிக்குமேல் ஹால்மார்க் சேனல் படங்கள். நகரத்தில் வேலைபார்க்கும் பெண் சொந்த ஊருக்குத் திரும்புகிறாள், அங்கே ஒரு நல்ல பையன், பேக்கரி ஒன்று மூடப்படும் நிலையில் இருக்கிறது. 2009 முதல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்று பெயரிட்டு அந்த சேனல் ஆண்டுதோறும் வரிசையாக இறக்குகிறது. பலவற்றைக் கனடாவில் இரண்டு மூன்று வாரங்களில் எடுத்து முடிக்கிறார்கள். அவற்றுக்காக வழக்காட நான் வரவில்லை. பெரும்பாலானவை மோசம். மோசமான சரக்கு இல்லாத கலைவகை ஒன்றைக் கட்டுரையாளர் காட்டட்டும். மோசமான புதுக்கவிதையை வைத்துப் புதுக்கவிதையை ஒழித்துக்கட்ட ஒருவர் கிளம்பினால் முதல் ஆளாகச் சண்டைக்கு வருகிறவர் அவர்தான். அந்தப் படங்களிலும் ஒன்று கவனிக்கத் தக்கது: மூடப்படும் பேக்கரி. இத்தனை மலிவான தயாரிப்பிலும் அந்தப் பேக்கரி மட்டும் ஏன் விடாமல் வருகிறது என்று அவர் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

முடிவு தெரிந்த கதையில் கலை இல்லை என்ற கண்டுபிடிப்பைத் தமிழில் எழுத எப்படித் துணிந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சிலப்பதிகாரத்தின் பதிகமே கோவலன் வெட்டுப்பட்டதையும் கண்ணகியின் சீற்றத்தையும் மதுரையின் முடிவையும் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகும் முப்பது காதைகளைப் படிக்கிறோம். பொற்கொல்லன் சிலம்பைக் கையில் வாங்கும்போது நெஞ்சு பதறுவது, என்ன நடக்கப் போகிறது என்று தெரியாததாலா, தெரிந்ததாலா? ஜார்ஜ் தற்கொலை செய்துகொள்ள மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். இருபது வயதில் பார்க்கிறவனுக்கு, இந்தப் பாழும் ஊரைவிட்டு இவன் ஏன் போகவில்லை என்று எரிச்சல் வரும். தவணை கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது வயதில் பார்த்தால், பதினேழரை டாலர் கேட்ட பெண்மணி தனியாகத் தெரிவார். பெற்றவர்களை இழந்த ஆண்டில் பார்க்கிறவர் மடுசெக்கின் கேள்விகளைத் தாங்க முடியாமல் எழுந்து போகலாம். படம் அதேதான், ஆண்டுதான் வேறு. இதைச் சோம்பல் என்கிறவர், ஒரு படத்தை இரண்டாம் முறை பார்த்ததே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

இனி அந்த மருந்து. கசப்பான உண்மை வேண்டுமா, பெர்க்மனிடம் போங்கள் என்கிறார். போவோம். 1982இல் பெர்க்மன் எடுத்த 'ஃபேனி அண்ட் அலெக்ஸாண்டர்' 1907ஆம் ஆண்டின் ஸ்வீடனில் ஏக்டால் என்ற பெரிய குடும்பத்து வீட்டில் தொடங்குகிறது. ஏறத்தாழ முதல் ஒரு மணி நேரம் முழுவதும் கிறிஸ்துமஸ்தான். மெழுகுவத்திகள், மரம், விருந்து, வேலைக்காரர்களும் குடும்பத்தாரும் ஒரே மேசையில். பிறகு பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை கைகோத்துக்கொண்டு அறை அறையாக ஆடிப்பாடி ஓடுகிறார்கள். கட்டுரையாளர் வெறுக்கும் எதுவும் பாக்கி இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரான கார்ல் பேராசிரியர், கழுத்து வரை கடன். விருந்து முடிந்த இரவில் குளிரும் அறையில் தன் ஜெர்மன் மனைவியிடம் பணமில்லாததைச் சொல்லி அழுகிறார். ஆறுதல் சொல்ல வந்தவளையே திட்டித் தீர்க்கிறார். அதே கார்ல் அதே இரவில் சற்று முன்னால்தான் வீட்டுக் குழந்தைகளைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய், மெழுகுவத்தியைக் குசு விட்டு அணைத்துக் காட்டிச் சிரிக்கவைத்திருந்தார். இந்த ஒரு மணி நேரத்தையும் பெர்க்மன் வெட்டி எறிந்திருக்க வேண்டும் என்றுதான் கருதுகிறாரா என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் தெரிவிக்கட்டும்.